பழைய கண்ணாடி ஓவியம் வாங்குகிறீர்களா? முதலில் பின்புறத்தைப் பாருங்கள்

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் வரிசையாக மாட்டியிருக்கும் கண்ணாடி ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். பட்டாபிஷேக ராமர், வெண்ணெய் உண்ணும் கிருஷ்ணன், வள்ளி தெய்வானையோடு முருகன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாள் ஓவியத்தை வைத்துச் சட்டம் போட்டது போலத் தெரியும். அது தவறு. கண்ணாடியின் பின்பக்கத்திலேயே வண்ணம் தீட்டி, முன்பக்கமிருந்து பார்க்கிறோம். கண்ணாடிதான் இதற்குக் கேன்வாஸ். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வாங்குவதிலும் பாதுகாப்பதிலும் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை தவிர்ந்துவிடும்.

சீன வணிகத்தின் வழியே 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த கலை இது. தஞ்சையில் மராட்டியர் ஆட்சியின்போது உள்ளூர்ப் பாணி பெற்றது. 1894இல் ரவிவர்மா அச்சகம் தொடங்கியபின் மலிவான அச்சுப் படங்கள் வீடுகளுக்குள் வந்தன. கண்ணாடி ஓவியர்களின் பிழைப்பு மெல்லச் சுருங்கியது.

படி 1: கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், சிறிய டார்ச், அளவு நாடா, மெத்தென்ற பருத்தித் துணி. பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் முதல் நாளில் எதையும் வாங்காமல் கடை கடையாகப் பார்த்துவிட்டு வருவது நல்லது. இருபது ஓவியங்களைப் பார்த்த கண்ணுக்கு இருபத்தோராவதில் உள்ள குறை தானாகத் தெரியும்.

படி 2: அச்சா, கைவேலையா?

முகத்தின் மேல் லென்ஸை வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அச்சுப் படம். கைவேலையில் கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். நகைகளையும் கவனியுங்கள். பழைய வேலையில் நகைக்கான இடத்தில் வண்ணம் தீட்டாமல் விட்டு, பின்னால் சரிகைத் தாளோ உலோகத் தகடோ வைத்திருப்பார்கள். டார்ச்சை ஆட்டினால் அது மின்னும். தங்க நிறப் பெயின்ட் அப்படி மின்னாது.

படி 3: பின்பலகையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

கடைக்காரரே திறக்கட்டும். நீங்கள் ஆணியைப் பிடுங்க வேண்டாம். கண்ணாடியில் ஓவியர் முதலில் தீட்டுவது கண், புருவம், நகை, கரைக்கோடு. அதற்கு மேல் உடல் நிறம், ஆடை. கடைசியாகப் பின்னணி. அதனால் பின்புறமிருந்து பார்த்தால் முகம் வெறும் நிறத் திட்டாகத்தான் தெரியும். கண்ணும் மூக்கும் அங்கே தெளிவாகத் தெரிந்தால் அது இந்த முறையில் செய்ததல்ல. பழைய மங்கலான பூச்சின் மேல் ஒரு பகுதி மட்டும் புதிதாகப் பளபளத்தால், பின்னாளில் யாரோ வண்ணம் அடித்திருக்கிறார்கள். திறக்கவே மாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

படி 4: வண்ணம் பெயர்ந்திருக்கிறதா?

விலையை உண்மையில் முடிவுசெய்வது இதுதான். கண்ணாடி வண்ணத்தை உறிஞ்சாது. வண்ணம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு மட்டுமே நிற்கிறது. ஆண்டுகள் போகப்போக வண்ணத்திலுள்ள பசை காய்ந்து சுருங்குகிறது. வெயிலும் ஈரமும் மாறி மாறி வரும்போது கண்ணாடியும் வண்ணமும் ஒரே அளவில் விரிவதில்லை. இடையில் காற்று புகுந்த இடம் முன்பக்கமிருந்து வெளிறிய சாம்பல் திட்டாகத் தெரியும். டார்ச்சைச் சாய்வாக அடித்து ஓரங்களில் தொடங்கிச் சுற்றிவர இதைத் தேடுங்கள். வண்ணம் முழுதாக உதிர்ந்த இடத்தில் பின்பலகையின் நிறம் தெரியும்.

ஓரத்தில் சிறு உதிர்வு இருந்தால் கவலையில்லை. முகத்திலோ கையிலோ பெயர்ந்திருந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடக்கக்காரர்கள் விட்டுவிடுவதே நல்லது.

படி 5: வயதை மதிப்பிடுதல்

கண்ணாடியில் டியூப் லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பழைய கண்ணாடியில் அது நெளியும், சிறு காற்றுக் குமிழிகளும் இருக்கலாம். சற்றும் நெளியாத கண்ணாடி பெரும்பாலும் ஃப்ளோட் முறையில், அதாவது உருகிய உலோகத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் செய்தது. அந்த முறையே 1959இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சட்டத்தை வைத்து மட்டும் வயதைச் சொல்லாதீர்கள். பழைய தேக்குச் சட்டத்தில் புது ஓவியத்தைப் பொருத்துவது மிக எளிது. பின்னால் ஒட்டிய செய்தித்தாளோ நாள்காட்டித் தாளோ இருந்தால் கிழிக்காமல் படமெடுத்து வையுங்கள். அது நல்ல தடயம்.

படி 6: வீட்டுக்குக் கொண்டுவருதல்

வண்ணம் தளர்ந்திருந்தால் நிமிர்த்தி வைக்கக் கூடாது. கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி, மெத்தையான போர்வை மேல் படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள். அப்போது பெயர்ந்த துணுக்குகள் தம் இடத்திலேயே கிடக்கும். வண்ணப் பக்கத்தில் செய்தித்தாளோ பிளாஸ்டிக் உறையோ படவே கூடாது.

படி 7: மாட்டுதல், துடைத்தல்

வெயில் விழும் சுவர், சமையலறை, குளியலறையை ஒட்டிய சுவர், மழைநீர் ஊறும் வெளிச்சுவர் ஆகியவை வேண்டாம். சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்றோட்டம் இருக்கும். பழைய வளையத்தை நம்பாமல் புதிய கொக்கிகள் இரண்டு போடுங்கள்.

முன்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அழுக்குப் போகவில்லை என்றால் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். கண்ணாடி மேல் திரவத்தை நேரடியாகத் தெளிக்காதீர்கள். ஓரம் வழியாக இறங்கி வண்ணத்தைக் கரைத்துவிடும். சட்டம் போடும் கடையில் கொடுத்தால், "உள்பக்கம் துடைக்காதீர்கள், கண்ணாடியை மாற்றாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று வாங்கி வாருங்கள். கண்ணாடியை மாற்றினால் ஓவியமே போய்விடும். பெயர்ந்த வண்ணத்தை ஃபெவிகாலாலோ வார்னிஷாலோ ஒட்டப் பார்க்காதீர்கள். அப்படி ஒட்டியதைப் பிறகு தேர்ந்த பாதுகாப்பு வல்லுநராலும் பிரிப்பது கடினம்.

படி 8: காகித வேலை

பில் கட்டாயம் வாங்குங்கள். ஒரு நோட்டில் அளவு, உருவம், வாங்கிய இடம், தேதி, குறைகள் ஆகியவற்றை எழுதி, முன்புறம், பின்புறம் இரண்டின் படத்தையும் சேர்த்து வையுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பரிசாகவும் அனுப்ப முடியாது. வயது குறைந்ததுதான் என்று நினைத்தாலும், அனுப்புவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிக்கொள்ளுங்கள். கோயிலிலிருந்து வந்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்தப் பொருளைத் தொடவே வேண்டாம்.