ஏஎஸ்பி.நெட் டிரேஸ்: பிழை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரேஸ் என்பது, மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி.நெட் இணையக் கட்டமைப்பில் ஒரு பக்கம் இயங்கும்போது நடப்பதைப் பதிவு செய்யும் வசதி. அந்தக் கட்டமைப்பின் வெப் ஃபார்ம்ஸ் முறையில் எழுதிய பக்கத்தில் ஒரு மதிப்பு எங்கே மாறுகிறது என்று பார்க்க, பக்கத்திலேயே எழுத்தை அச்சிடும் ரெஸ்பான்ஸ்.ரைட் வரிகளை ஆங்காங்கே செருகுவது பலருக்கும் பழக்கம். அவற்றில் ஒன்று நீக்கப்படாமல் தங்கினாலும் பயனரின் திரையில் தெரிந்துவிடும். அதற்குப் பதில் டிரேஸ்.ரைட் எழுதுங்கள்; டிரேஸ் அணைந்திருந்தால் அது எதையும் வெளியிடாது. கவனிக்க வேண்டியவற்றுக்கு டிரேஸ்.வார்ன் இருக்கிறது, அது சிவப்பில் காட்டும்.

அடுத்த தவறு, பக்கத்தின் அடியிலேயே டிரேஸை அச்சிடுவது. அப்டேட்பேனல் (பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் கூறு) உள்ள பக்கத்தில் இப்படிச் செய்தால், சர்வர் அனுப்பும் பகுதிப் பதிலோடு டிரேஸ் அட்டவணையும் கலந்து, பதிலைப் படிக்க முடியவில்லை என்ற பிழை வரும். இல்லாத பிழையைத் தேடி நேரம் வீணாகும். வெப்.கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில், பக்கத்தின் அடியில் அச்சிடுவதைத் தீர்மானிக்கும் பேஜ்அவுட்புட்டை ஃபால்ஸ் (இல்லை) என விட்டுவிட்டு, பதிவுகளைத் தனியே காட்டும் டிரேஸ்.ஏஎக்ஸ்டி பக்கத்தில் பாருங்கள். அங்கே இயல்பாக 10 கோரிக்கைகள் மட்டுமே சேமிக்கப்படும். அதன்பின் வருபவை பதிவாவதில்லை. புதியவை வேண்டுமென்றால் மோஸ்ட்ரீசென்ட் அமைப்பை ட்ரூ (ஆம்) ஆக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது, நேரலை சர்வரில் டிரேஸைத் திறந்தே விடுவது. டிரேஸ்.ஏஎக்ஸ்டி காட்டுவது உங்கள் செய்திகளை மட்டுமல்ல. செஷன் அடையாள எண், குக்கீகள், சர்வர் மாறிகள், படிவத்தில் பயனர் நிரப்பிய அனைத்தும் அதில் இருக்கும். உள்நுழைவுப் படிவமானால் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே தெரியும். நம்மை நம்பித் தட்டச்சு செய்தவரின் ரகசியம் அது. தொலைவிலிருந்து பார்ப்பதற்காக, சர்வர் கணினியிலிருந்து மட்டும் பார்க்க விடும் லோக்கல்ஒன்லி அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால், முகவரி தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம். ட்ரூ என்று இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது: அதே கணினியில் இயங்கும் ப்ராக்ஸி (கோரிக்கைகளை இடையில் வாங்கி அனுப்பும் நிரல்) வழியாகக் கோரிக்கைகள் வந்தால், வெளியாரும் உள்ளூர்க்காரராகவே கணக்கில் வருவர். எனவே நேரலை சர்வர் முழுமைக்குமான மெஷின்.கான்ஃபிக் அமைப்புக் கோப்பில் டெப்ளாய்மென்ட் பகுதியின் ரீடெயில் மதிப்பை ட்ரூ ஆக்குவதே என் பரிந்துரை. யாராவது வெப்.கான்ஃபிக்கில் டிரேஸை அணைக்க மறந்திருந்தாலும் அது அணைத்துவிடும்.

டிரேஸ் அட்டவணையில் உள்ள நேரங்களைப் படிப்பதிலும் தடுமாற்றம் உண்டு. ஒரு வரிக்கு எதிரே உள்ள இடைவெளி, முந்தைய வரியிலிருந்து அந்த வரி வரை ஆன நேரம். தாமதத்தை அந்த வரிக்கு முன்னால் உள்ள நிரலில் தேடுங்கள், பின்னால் அல்ல. முதல் கோரிக்கை தொடக்க வேலைகளால் வழக்கத்தைவிட மெதுவாக இருக்கும், இரண்டாவதிலிருந்து அளவிடுங்கள்.