பிரித்து அனுப்பினாலும் அது ஒரே தறி

நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை) இல்லாமல், கம்பி போன்ற ரேப்பியரால் ஊடையைக் கடத்தும் தறி ஒன்றைக் கப்பலில் அனுப்ப வேண்டியிருந்தது. தறியைப் பிரித்துப் பல பெட்டிகளில் அடைத்திருந்ததால், சரக்கு முகவரின் வரைவில் எல்லாமே ‘உதிரி பாகங்கள்’ என்று சுங்க வகைப்பாட்டின் 8448 தலைப்பின் கீழ் இருந்தன. சுங்கத்தில் இது நிச்சயம் சிக்கும் என்று தோன்றியது.

வகைப்பாட்டுப் பொது விதி 2(அ)-வின்படி, பிரித்த நிலையில் வந்தாலும் முழு இயந்திரம் முழு இயந்திரமே. 30 செ.மீ.க்கு மேல் அகலமுள்ள துணி நெய்யும் நாடாவற்ற தறிக்கு 8446.30 என்று மாற்றச் சொன்னேன். கூடுதலாக அனுப்பிய அச்சுகளும் (ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு போன்றவை) விழுதுகளும் (பாவு நூல்களை ஏற்றி இறக்கும் கண்ணிகள்) மட்டும் 8448.42-இல் தனி வரியாகின. எந்தப் பெட்டியில் தறியின் எந்தப் பகுதி என்று பொதிப் பட்டியலில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே விலைப்பட்டியலில் சேர்த்தோம்.

எனக்குப் பெரிய கவலை துருதான். கடல் வழியில் கன்டெய்னருக்குள் ஈரம் வியர்த்துச் சொட்டும். எண்ணெயை வடித்து, பளபளப்பான உலோகப் பரப்புகளில் துருத்தடுப்புப் பூச்சிட்டு, அலுமினியப் படல உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றை உறிஞ்சி மூடினோம். அச்சின் பற்கள் சிறு அழுத்தத்திலும் வளைந்துவிடும். அவற்றுக்குத் தனிப் பெட்டியே சரி.

மரப்பெட்டிகளுக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும்; மரத்தில் பூச்சிகள் பரவாமல் தடுக்கும் சர்வதேசத் தரம் அது. வழக்கமான வெப்ப முறையில், மரத்தின் உட்பகுதி உட்பட முழுவதும் குறைந்தது 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாகியிருக்க வேண்டும். தறியின் சட்டகத்தைப் பெட்டியின் அடிக்கட்டைகளோடு போல்ட்டில் இறுக்கி, கிரேன் இயக்குபவருக்காக எடைமையத்தைப் பெட்டியின் பக்கங்களில் வரைந்தோம். தறி தடையின்றிச் சுங்கத்தைத் தாண்டியது.