ஆபரேஷன் தியேட்டரில் எந்த பாட்டில்? டிரிப்ஸ் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழு மயக்கம் கொடுத்த சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் இறங்கினால், பலரும் முதலில் செய்வது டிரிப்ஸை முழு வேகத்தில் திறந்துவிடுவது. மயக்க மருந்தான ப்ரொபோஃபால் ரத்தக்குழாய்களைத் தளர்த்தியதால் இறங்கிய அழுத்தம் அது. நோயாளி ரத்தமோ நீரோ இழக்கவில்லை என்றால், அங்கே வேண்டியது ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தான எஃபெட்ரினோ ஃபினைல்எஃப்ரினோ கொஞ்சம்தான். சிறுநீர் குறைந்தாலும் இதே அவசரம். அறுவை சிகிச்சையின்போது சுரக்கும் ஹார்மோன்களே சிறுநீரைக் குறைக்கும். அதை மட்டும் பார்த்து பாட்டில் மாட்டக் கூடாது. அதற்காக ஒரேயடியாக இறுக்கிப் பிடிப்பதும் சரியில்லை. 2018இல் வெளிவந்த 'ரிலீஃப்' ஆய்வில், பெரிய வயிற்று அறுவை சிகிச்சைகளில் மிகக் குறைவாகத் திரவம் பெற்றவர்களுக்குத்தான் சிறுநீரகப் பாதிப்பு கூடுதலாக இருந்தது.

சிறுநீரக நோயாளி என்றதும் ஆர்எல்லில் (ரிங்கர் லாக்டேட் திரவம்) பொட்டாசியம் இருக்கிறதே என்று பயந்து நார்மல் சலைனுக்கு (வெறும் உப்புநீர்) தாவுவது இன்றும் அன்றாடம் நடக்கிறது. எனக்குத் தெரிந்து இவ்வளவு பிடிவாதமாக நிற்கும் தவறு வேறில்லை. ஆர்எல்லில் பொட்டாசியம் லிட்டருக்கு 4 மில்லிமோல் அளவில்தான். நோயாளியின் ரத்தத்தில் ஏற்கெனவே 5.5 இருக்கும்போது, 4 உள்ள திரவம் அதை எப்படி ஏற்றும்? சலைனிலோ குளோரைடு 154. ரத்தத்தில் இருப்பது 100ஐ ஒட்டித்தான். லிட்டர் கணக்கில் சலைன் போனால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வரும். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையில் இரண்டையும் ஒப்பிட்டு 2005இல் வந்த ஆய்வில், பொட்டாசியம் 6ஐத் தாண்டியது சலைன் பெற்றவர்களில் சிலருக்குத்தான். ஆர்எல் பெற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை.

சலைனுக்கும் இடம் உண்டு. தொடர் வாந்தியால் குளோரைடு இழந்தவருக்கு அதுதான் மருந்து. தலைக்காயத்திலும் ஆர்எல்லைவிட அதுவே மேல். ஆர்எல்லின் அடர்த்தி சற்றுக் குறைவு என்பதால் மூளை வீக்கம் கூடலாம்.

'பட்டினியாக இருக்கிறாரே, தெம்புக்கு' என்று 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவது வார்டிலிருந்து தியேட்டருக்கு வந்த பழக்கம். சர்க்கரையை உடல் எரித்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது உடலெங்கும் பரவிவிடும். ரத்தக்குழாயில் தங்குவது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுதான். அறுவை சிகிச்சையின் அழுத்தத்தால் பெரியவர்களுக்கு ரத்தச் சர்க்கரை தானாகவே ஏறும். சர்க்கரை தாழ்ந்திருந்தாலோ, இன்சுலின் ஓடினாலோ தவிர டெக்ஸ்ட்ரோஸுக்கு வேலை இல்லை. குழந்தைகளிடம் ஆபத்து இன்னும் அதிகம். குழந்தைகளுக்குப் போடும் ஐசோலைட் பி திரவத்தில் சோடியம் சுமார் 25 மில்லிமோல்தான். இழப்பை ஈடுகட்ட அதை வேகமாக ஓட்டினால் சோடியம் சரிந்து வலிப்பு வரை போகலாம். பச்சிளம் குழந்தைக்குச் சர்க்கரை தேவைதான். அதற்கு 1 முதல் 2.5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கலந்த ஆர்எல் போதும், கூடவே குளுக்கோமீட்டரும்.

ரத்தம் போகிறது, உடனே ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் (மாவுச்சத்திலிருந்து செய்யும் திரவம்) என்ற பழைய பாடத்தையும் விட்டுவிடலாம். தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் 2012இல் வந்த பெரிய ஆய்வுகளில் அது சிறுநீரகத்தைப் பாதிப்பது தெரிந்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் விற்பனை அனுமதியை நிறுத்திவைத்தது. ரத்தம் ஏற்றும்போது அதே குழாயில் ஆர்எல் வேண்டாம். அதிலுள்ள கால்சியம், ரத்தப்பையில் உறைதலைத் தடுக்கச் சேர்த்திருக்கும் சிட்ரேட்டோடு சேர்ந்துகொள்ளும். அந்தக் குழாயில் சலைனே ஓடட்டும்.