ஃபாண்டன்ட் போ: மழைக்காலத்துக் கருப்பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்

போன கார்த்திகையில் பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கு ஒரு பிறந்தநாள் கேக் கொண்டுபோனேன். மேலே சிவப்பு நிறத்தில் பெரிய போ. சுலோச்சன முதலியார் பாலம் தாண்டுவதற்குள் அதன் இரண்டு காதுகளும் வெள்ளாட்டுக் காது மாதிரி தொங்கிவிட்டன. தப்பு என்னுடையதுதான். முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து செய்தது அது.

('போ' என்றதும் விரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டுவோமே, அந்த ரிப்பன் முடிச்சுதான்.)

ஃபாண்டன்ட் என்பது கேக் அலங்காரத்துக்குத் தேய்த்து மடிக்கும் இனிப்பு மாவு, முக்கால்வாசி சர்க்கரை. அடைமழையில் பானைக்குள் இருக்கும் கருப்பட்டியே கசிகிறது, இது மட்டும் எப்படி விறைப்பாக நிற்கும்? அதனால் போவை கேக்குக்கு முன்னால் செய்துவிட வேண்டும். வெயில் நாளில் ஒரு நாள் காய்ந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் ஒதுக்குங்கள். ஃபேன் காற்று படட்டும். அவசரத்துக்கு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம் என்று மட்டும் தோன்றக் கூடாது. வெளியே எடுத்ததும் வேர்த்துப்போய் பிசுபிசுக்கும்.

காய்வதற்கு இன்னொரு துணை சிஎம்சி பவுடர், மாவை இறுக்கும் ஓர் உணவுப் பொடி. 250 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு ஒரு சின்ன ஸ்பூன் போட்டுப் பிசைந்து, கவரில் இறுகச் சுற்றிச் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். போட்ட உடனே தேய்த்தால் அதன் வேலை தெரியாது. கூடுதலாகப் போட்டால் மடிக்கும்போது வெடிக்கும்.

சித்திரை, வைகாசியில் கதை தலைகீழ். தேய்த்து வைத்த துண்டின் மேல்தோல் சீக்கிரமே வறண்டு, மடித்தால் பாளம் பாளமாக விரிசல் விடும். ஒவ்வொரு பட்டையாக வெட்டி, மிச்சத்தை பிளாஸ்டிக் கவரால் மூடி வையுங்கள். ஒட்டுகிறதே என்று சோளமாவை அள்ளித் தூவுவதும் விரிசலில்தான் முடியும், அடர் நிறத்தில் வெள்ளைத் திட்டும் விழும். கையில் துளி டால்டா தடவிக்கொண்டால் போதும். கனம் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கலாம். அதைவிடக் கனமாக விட்டால் காது தன் பாரத்திலேயே சரியும்.

காதுகளுக்குள் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து, ஓரம் தட்டில் படும்படி நிறுத்திக் காயவையுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். வால்களை மட்டும் முன்கூட்டிக் காயவைக்காதீர்கள். கேக்கின் ஓரத்தில் வளைந்து விழ வேண்டியவை அவை, கடைசியில் செய்வதே சரி.

நிறத்துக்கு ஜெல் கலர்தான். தண்ணீர் கலர் மாவை இளக்கிவிடும். ஒட்டுவதற்கும் பிரஷ் நுனியில் தொட்ட ஈரம் போதும், தண்ணீர் வழிந்தால் ஒட்ட வேண்டிய இடமே கரையும்.

அப்புறம் இந்த ஃபிரஷ் கிரீம் கேக். எனக்கு வரும் ஆர்டரில் பெரும்பாலானவை அதுதான். கிரீமின் ஈரம் போவின் அடியிலிருந்து ஏறும். போவைத் தனி டப்பாவில் கொண்டுபோய், வெட்டுவதற்குச் சற்று முன் வைத்துவிடுங்கள். பல்குச்சி குத்தி நிறுத்தினால் வீட்டுக்காரர்களிடம் கட்டாயம் சொல்லிவிட்டு வாருங்கள், பிள்ளைகள் முதலில் பிய்ப்பது போவைத்தான்.

காது மட்டும் எப்போதும் ஒன்று கூடுதலாகச் செய்து வைத்துக்கொள்கிறேன். பாலம் தாண்டியும் ஒடியாமல் வந்தால், திரும்பும் வழியில் நானே கடித்துக்கொள்வேன்.