மேகசின் வரம்பு: மாநில எல்லை தாண்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்சில்வேனியாவில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் புதியவர்களுக்கு வார இறுதிகளில் பயிற்சி கொடுக்கிறேன். நியூ ஜெர்சி, டெலவேர், மேரிலாண்ட் என்று அக்கம்பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் வருவார்கள். கிரீன் கார்டு வந்த கையோடு முதல் துப்பாக்கி வாங்கிய தமிழ்ப் பிள்ளைகளும் இப்போது நிறைய. எங்கள் தலைமுறை ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். குறி தவறினால் கவலையில்லை, பழகப் பழகச் சரியாகிவிடும். மேகசின் சட்டம் தெரியாமல் இருப்பது அப்படிப்பட்டதில்லை.

குழலை எந்தப் பக்கம் பிடிப்பது, விரலை எங்கே வைப்பது என்பதெல்லாம் முதல் நாள் வகுப்பிலேயே வந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன். இங்கே பேசப்போவது துப்பாக்கியில் செருகும் அந்த ஸ்பிரிங் வைத்த தோட்டாப் பெட்டியை, அதாவது மேகசினைப் பற்றி மட்டும். அதில் எத்தனை தோட்டா கொள்ளலாம் என்பதற்கு அமெரிக்கா முழுமைக்குமான சட்டம் இன்று கிடையாது. 1994-ல் பத்துக்கு மேல் கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் வந்தது. பத்தாண்டு ஆயுளோடு வந்த அது 2004 செப்டம்பரில் காலாவதியானது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் போகிறது. பெரும்பாலான மாநிலங்களில் வரம்பே இல்லை. வரம்பு வைத்த மாநிலங்களில், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வது

கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மேரிலாண்ட், ரோட் ஐலண்ட், வாஷிங்டன் மாநிலம்: 10. கொலராடோ: 15. டெலவேர்: 17. இல்லினாயிலும் வெர்மான்ட்டிலும் ரைஃபிளுக்கு 10, கைத்துப்பாக்கிக்கு 15. ஹவாயில் கைத்துப்பாக்கி மேகசினுக்கு மட்டும் 10. இதுவரை எல்லோரும் படித்துவிடுகிறார்கள். இதோடு நிறுத்தியும் விடுகிறார்கள்.

எது தடை என்பதைப் படிக்க வேண்டும். விற்பதா, வாங்குவதா, மாநிலத்துக்குள் கொண்டுவருவதா, வைத்திருப்பதா? மேரிலாண்டில் பத்துக்கு மேற்பட்டதை விற்கவோ வாங்கவோ கைமாற்றவோ கூடாது, ஆனால் வைத்திருப்பது குற்றமில்லை. கொலராடோவில் 2013 ஜூலை 1-க்கு முன்பிருந்தே உங்களிடம் இருந்ததென்றால் வைத்துக்கொள்ளலாம். நியூ ஜெர்சியில் 15 ஆக இருந்த வரம்பை 2018-ல் 10 ஆக்கினார்கள். 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். ‘முன்பே வாங்கியது’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

வாஷிங்டன் மாநிலம் இதில் தனி ரகம். டெக்சஸிலிருந்து ரெட்மண்டுக்கு வேலை மாறிய நண்பர் ஒருவர், சாமான் கட்டும் நேரத்தில் கூப்பிட்டார். “வாஷிங்டன்ல வெச்சிருக்கிறது தப்பில்லையாமே, அப்ப எல்லாத்தையும் லாரியில ஏத்திடலாம்ல?” என்று கேட்டார். அவர் சொன்னதில் பாதி சரி. அங்கே 2022 ஜூலை 1 முதல் தடை விற்பதற்கும் தயாரிப்பதற்கும் உள்ளே கொண்டுவருவதற்கும்தான். ஏற்கெனவே அங்கே இருப்பவர் தன் மேகசினை வெளியே எடுத்துப்போய் அதையே திரும்பக் கொண்டுவரலாம். புதிதாகக் குடிவருபவர் கொண்டுவந்தால் அது இறக்குமதி, குற்றம். நண்பர் அவற்றை டெக்சஸில் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனார்.

பத்து மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பது

போதாது. சட்டம் பார்ப்பது கொள்ளளவை. 15 தோட்டா மேகசின் காலியாக இருந்தாலும் அது 15 தோட்டா மேகசின்தான். நியூயார்க் 2013-ல், பத்து கொள்ளும் மேகசினிலும் ஏழுதான் போட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தது. நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது, பத்து வரம்பு நின்றது.

சேம்பரில் உள்ள தோட்டாவையும் சேர்த்து எண்ணுவது

வேண்டாம். சேம்பர் என்பது குழலின் பின்முனையில், சுடத் தயாராக ஒரு தோட்டா உட்காரும் இடம். வரம்பு மேகசினுக்கு.

மரக்கட்டை வைத்து அடைப்பது

உள்ளே ஒரு கட்டையைச் செருகி 15-ஐ 10 ஆக்கிவிட்டேன் என்று காட்டுவார்கள். மேகசினின் அடித்தகட்டைக் கழற்றினால் கட்டை கையோடு வந்துவிடும். கலிபோர்னியா, வாஷிங்டன் சட்டங்கள் கேட்பது நிரந்தர மாற்றம், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாதது. இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. சட்டப்படியான பத்துத் தோட்டா மேகசினில், பிடிமானம் நன்றாக இருக்கும் என்று ‘பிளஸ் டூ’ அடித்தகடு வாங்கி மாட்டுவார்கள். பத்து பன்னிரண்டாகிவிடும். அந்தத் தகடு பல இடங்களில் தாராளமாகக் கிடைக்கிறது, வாங்கும்போது யாரும் எச்சரிப்பதில்லை.

“சும்மா கடந்துதானே போறோம்”

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

வட கரோலினாவிலிருந்து ஒரு தம்பி எங்கள் கிளப் போட்டிக்கு வந்திருந்தான். நிதானமான கை, நல்ல பழக்கம். அவன் ஊரில் மேகசின் வரம்பு இல்லை, பென்சில்வேனியாவிலும் இல்லை. கிளாக் 17 கைத்துப்பாக்கி, அதோடு வரும் 17 தோட்டா மேகசின்கள், எல்லாம் பூட்டிய பெட்டியில். ஐ-95 நெடுஞ்சாலை வழியாக வந்தால் நடுவே மேரிலாண்டும் டெலவேரும் வரும். இரண்டையும் படித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். மேரிலாண்டில் வைத்திருப்பது குற்றமில்லை, டெலவேரில் வரம்பே 17. அதுவரை எல்லாம் சரி. டீ குடித்துக்கொண்டே, வழியில் நெரிசலா என்று கேட்டேன்.

“இல்லண்ணே. பிலடெல்பியா பக்கம் ஜாம்னு போன் வேற ரூட் காட்டுச்சு. ஒரு பெரிய பாலம் ஏறி டர்ன்பைக் பிடிச்சேன், ரோடு காலி.”

அந்தப் பெரிய பாலம் டெலவேர் மெமோரியல் பாலம். அதன் மறுகரை நியூ ஜெர்சி. டெலவேரிலிருந்து போகும் திசையில் அங்கே சுங்கம்கூட வாங்குவதில்லை, வண்டியை நிறுத்தி யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. வில்மிங்டனுக்கு முன்னால் ஐ-295 பிரிகிற இடத்தில் போன் சொன்ன பக்கம் திரும்பியிருக்கிறான், அவ்வளவுதான். நியூ ஜெர்சியில் அந்த மேகசினை வைத்திருப்பது நான்காம் நிலைக் குற்றம்: 18 மாதம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். அந்த எண்ணிக்கையை அவனிடம் சொன்னபோது அவன் அலட்டிக்கொள்ளவில்லை. “பாதுகாப்பாகக் கடந்துபோக மத்தியச் சட்டம் இருக்கே அண்ணே” என்றான்.

இருக்கிறது. 1986-ல் வந்தது. கிளம்பும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் துப்பாக்கி சட்டப்படியானது என்றால், நடுவில் உள்ள மாநிலம் என்ன சொன்னாலும் கொண்டுபோகலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், டேஷ்போர்டுப் பெட்டியைப் பூட்டி வைத்தால் கணக்கில் சேராது. அந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். துப்பாக்கி என்று இருக்கிறது. தோட்டா என்று இருக்கிறது. மேகசின் என்று எங்கேயும் இல்லை. துப்பாக்கியோடு மேகசினும் அடங்கும் என்று உங்கள் வக்கீல் வாதிடலாம். அந்த வாதத்தை அவர் வைப்பது நீங்கள் கைதான பிறகு.

துப்பாக்கிக்கே அந்தச் சட்டம் எவ்வளவு கைகொடுக்கும் என்பதற்கு 2005-ல் நடந்தது ஒன்று போதும். யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் போகிற வழியில் நியூ ஜெர்சியின் நூவர்க்கில் விமானம் மாற வேண்டும். விமானம் தவறியது. பெட்டி கைக்கு வந்தது, இரவு விமான நிலைய ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை கவுண்டரில் முறைப்படி, பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார். கைது செய்தார்கள். குற்றச்சாட்டைப் பின்னால் கைவிட்டார்கள். ஆனால் தன்னைக் கைது செய்தது தவறு என்று அவர் போட்ட வழக்கு 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஹோட்டலில் பெட்டி அவர் கையருகே இருந்தது, ஆகவே அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றார்கள். உண்மையைத் தானாகச் சொன்னவருக்கே இந்தக் கதி.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் குடியேற்றச் சட்டப்படி அவரை நாடுகடத்த வழி உண்டு, அந்தப் பிரிவில் பாகம், துணைக்கருவி என்ற சொற்களும் இருக்கின்றன. சிறு அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது குடியுரிமை உள்ளவருக்குச் சிறு விஷயமாக இருக்கலாம். இவர்களுக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. அன்று அந்தத் தம்பியை யாரும் நிறுத்தவில்லை, அதனால் தவறே நடக்கவில்லை என்று அவன் நினைத்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வழி எளிது. பயணத்தில் எங்கேயாவது பத்து வரம்பு மாநிலம் அருகில் வந்தாலே, பத்துத் தோட்டா மேகசின்களை மட்டும் எடுத்துவாருங்கள். கிளாக் 17-க்குப் பத்து கொள்ளும் மேகசினை அந்த நிறுவனமே விற்கிறது. எங்கள் போட்டியில் அதற்காக யாரும் யாரையும் குறைவாகப் பார்ப்பதில்லை. போனில் நடுவழி ஊர்களைக் குறித்துவையுங்கள், தானாகப் பாதை மாறினால் ஏற்காதீர்கள்.

கைத்துப்பாக்கி மேகசினை ரைஃபிளில் மாட்டுவது

கிளாக் மேகசினை ஏற்கும் ரைஃபிள்கள் இப்போது பிரபலம். இல்லினாயில் கைத்துப்பாக்கிக்கு 15 சரி என்பதால் அதே மேகசினை ரைஃபிளில் போடாதீர்கள். அங்கே ரைஃபிளுக்கு 10.

எச்-1பி விசாவில் இருந்துகொண்டு மேகசின் வரம்பு கேட்பது

முதலில், துப்பாக்கி வைத்திருக்கவே உங்களுக்கு மத்தியச் சட்டத்தில் பொதுவாக அனுமதியில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலிடம் கேட்டுவிட்டு ரேஞ்சுக்கு வாருங்கள்.

பழைய பட்டியலை நம்புவது

கலிபோர்னியாவில் மட்டும் என்ன நடந்தது பாருங்கள். 2016-ல் வாக்காளர்கள் வைத்திருப்பதையே தடை செய்தார்கள். 2017-ல் அந்தத் தடையை நீதிமன்றம் நிறுத்தியது. 2019 மார்ச் கடைசியில் முழுச் சட்டமும் செல்லாது என்று தீர்ப்பு வர, ஒரு வாரம் கடைகள் பெரிய மேகசின்களை விற்றுத் தள்ளின, ஏப்ரல் 5-ல் விற்பனை நின்றது. 2023-ல் அதே நீதிபதி மறுபடி செல்லாது என்றார். 2025 மார்ச்சில் ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இந்த ஆண்டுகளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் எல்லாமே வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓரிகனில் 2022-ல் வாக்காளர்கள் ஏற்ற பத்துத் தோட்டா வரம்பும் வருடக்கணக்காக நீதிமன்றங்களில் அலைந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள், வழியில் வரும் ஒவ்வொரு மாநிலத்தின் சட்டப் பிரிவையும் அந்த மாநில அரசின் தளத்திலேயே திறந்து படியுங்கள். தேதி தெரியும்படி அச்செடுத்துப் பெட்டியில் வையுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தாலும் அந்த மேகசின் வீட்டிலேயே இருக்கட்டும்.