ரப்பர் பேண்ட் தராசு செய்து உராய்வை அளப்போம்

எட்டாம் வகுப்பில் விசை பற்றிய பாடத்தில் வரும் உராய்வை வீட்டுத் தரையிலேயே அளந்துவிடலாம். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி கூடுதல்: கொடியில் காயும் ரப்பர் ஷீட் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வேண்டியவை: நுனியில் ஓட்டையுள்ள 30 செ.மீ. மர ஸ்கேல், மெல்லிய ரப்பர் பேண்ட், ஜெம் கிளிப், நூல், வெள்ளைத் தாள், சின்ன பிளாஸ்டிக் கவர், மி.லி. கோடு போட்ட ஃபீடிங் பாட்டில், மூடியுள்ள சிறிய டிபன் பாக்ஸ், மணல்.

முதலில் தராசு. ஸ்கேல் மேல் தாளை ஒட்டுங்கள். ரப்பர் பேண்டை ஓட்டையில் நூலால் கட்டி, கீழ்முனையில் கிளிப்பை மாட்டுங்கள். முள்ளும் கொக்கியும் அதுதான். புது ரப்பரை நாலைந்து முறை கையால் இழுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, காலிக் கவர் தொங்கும்போது 0 என்று குறியுங்கள். விசையை நியூட்டன் என்ற அலகில் அளப்போம்: 50 மி.லி. தண்ணீர் விட்டால் 0.5, 100 மி.லி. விட்டால் 1. இப்படியே 300 மி.லி. வரை போனால் 3 நியூட்டன். (100 மி.லி. தண்ணீர் 100 கிராம் இருக்கும். அதன் எடை சுமார் 0.98 நியூட்டன், நமக்கு 1 போதும்.)

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 0-வும் 3-ம் குறித்துவிட்டு இடைவெளியைச் சமமாகப் பிரிக்காதீர்கள். ரப்பர் சுருள்வில் மாதிரி ஒரே சீராக நீளாது. எடையைக் குறைத்துக்கொண்டே வந்தால் அதே கோடுகளுக்குத் திரும்பவும் செய்யாது. அதனால் குறிப்பதும் படிப்பதும் எப்போதும் ஏறுமுகமாகவே இருக்கட்டும். அரை மணி கழித்து 200 மி.லி.யைத் திரும்பத் தொங்கவிடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் தாளை மாற்றிப் புதிதாகக் குறிப்பதே நல்லது.

அடுத்து டிபன் பாக்ஸ். நூல் கட்டித் தராசில் தொங்கவிட்டு, முள் 3-ஐத் தொடும்வரை மணல் போடுங்கள்.

இனி மொசைக் தரையில் வைத்து, நூல் தரைக்கு இணையாக இருக்கும்படி மெதுவாக இழுங்கள். நூல் மேல்நோக்கிச் சாய்ந்தால் பாக்ஸைக் கொஞ்சம் தூக்கிவிடுவீர்கள், அளவு குறைந்து வரும். கிளிப் தாளில் உரசினாலும் கணக்கு கெடும்.

முள் ஏறும், பாக்ஸ் அசையாது. அசையும் அந்த நொடியில் வரும் உச்ச அளவு நிலை உராய்வின் எல்லை. நகரத் தொடங்கியதும் முள் கொஞ்சம் இறங்கும்; ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே அதைப் படித்தால் இயக்க உராய்வு (இதை மட்டும் இறங்குமுகத்தில் படிப்பதால் தோராயமான அளவுதான்). 'நகர்கிறதே, அப்போ இழுக்கும் விசைதானே பெரிது?' என்று தோன்றும். இல்லை. வேகம் மாறாதவரை இழுவையும் உராய்வும் சமம். இழுவை மிஞ்சினால் வேகம் கூடும். வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், முள் எகிறும். அந்த அளவை உராய்வுக் கணக்கில் எழுதாதீர்கள்.

மொசைக்கில் 1 நியூட்டன் சுற்றுவட்டாரத்தில் வரலாம். தரைக்குத் தரை மாறும். ரப்பர் ஷீட்டின் நாலு மூலையையும் டேப் போட்டு ஒட்டிவிட்டு அதன்மேல் இழுத்தால் அளவு நன்றாகவே கூடும். முள் 3-ஐத் தாண்டினால் மணலைக் குறையுங்கள், ஆனால் அதே எடையில் மொசைக்கிலும் மறுபடி அளக்க வேண்டும்.

பாக்ஸைப் பக்கவாட்டில் நிறுத்தியும் இழுங்கள். தொடும் பரப்பு குறைந்தாலும் மொசைக்கில் உராய்வு கிட்டத்தட்ட மாறாது. ரப்பரில் அப்படி ஒழுங்காக வராது; பாரத்தில் அமுங்கி வளைந்து கொடுக்கும் பொருள் அது.