இத்தாலியக் குன்றூர்களுக்குக் காரில் செல்லும் நண்பர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை நெருங்கும்போதெல்லாம், நண்பர்களோடு இத்தாலியில் கார் எடுத்து டஸ்கனி, உம்பிரியா மாநிலங்களில் குன்றின்மேல் அமைந்த ஊர்களைச் சுற்றிவர விரும்பும் இளைஞர்கள் தங்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கமாகிவிட்டது. எங்கள் குழு முதன்முறை சென்றபோது நேர்ந்த பிழைகளே அத்திட்டங்களிலும் அப்படியே காணப்படுகின்றன. கடவுச்சீட்டுக்கு நகல் எடுங்கள், நடப்பதற்கு ஏற்ற காலணி அணியுங்கள் என்பன யாரும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, பணத்தையும் நட்பையும் சேர்த்தே கெடுக்கக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன். அவற்றுள் முதலாவதைப் பற்றி மிக விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை பேரிடம் எச்சரித்தாலும் அது மட்டும் நின்றபாடில்லை.

விடுதியின் வாசல்வரை காரை ஓட்டிச் செல்வது

சியெனா, ஓர்வியேட்டோ, பெருஜா, கோர்ட்டோனா முதலிய ஊர்கள் பகைவரிடமிருந்து தற்காத்துக்கொள்வதற்காகக் குன்றுகளின்மேல் மதில் சூழக் கட்டப்பட்டவை. அவற்றின் தெருக்கள் மனிதரும் கோவேறு கழுதைகளும் நடப்பதற்கென அமைந்தவை. எனவே ஊரின் பழைய பகுதிக்குள் அங்கே வசிப்போரின் வண்டிகளையும் அனுமதி பெற்றவற்றையும் தவிர வேறெதுவும் நுழையக் கூடாது என்று இத்தாலிய நகராட்சிகள் விதி வகுத்துள்ளன. சியெனா தன் நடுச்சதுக்கமான பியாட்ஸா தெல் காம்போவை 1960களிலேயே மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிட்டது. இவ்வாறு கட்டுப்படுத்தப்பட்ட பகுதியைத்தான் இத்தாலியர் சுருக்கமாக இசட்.டி.எல். என்று குறிக்கின்றனர்.

இதில் உள்ள ஆபத்து என்னவென்றால், பெரும்பாலான இடங்களில் உங்களைத் தடுப்பதற்குக் கதவோ காவலரோ சங்கிலியோ கிடையாது. சிவப்பு விளிம்பிட்ட வெள்ளை வட்டப் பலகை ஒன்று இருக்கும். எல்லா வண்டிகளுக்கும் தடை என்று நம் நாட்டு ஓட்டுநர் கையேட்டிலும் உள்ள அதே குறிதான். அதன் கீழே தடை செயல்படும் நேரங்கள் சிறிய எழுத்தில் தரப்பட்டிருக்கும். கம்பத்தின் உச்சியில் ஒரு கேமரா இருக்கும். சில ஊர்களில் மின்பலகையும் உண்டு: ‘வார்கோ ஆத்தீவோ’ என்று அது ஒளிர்ந்தால் கேமரா இயங்குகிறது, நுழையக் கூடாது, ‘வார்கோ நோன் ஆத்தீவோ’ என்றிருந்தால் மட்டுமே அந்நேரத்தில் கட்டுப்பாடு இல்லை. முதல் வாசகத்தை வழி திறந்திருப்பதாக எடுத்துக்கொண்டு நேராக உள்ளே செல்பவர்கள் ஏராளம். வரைபடச் செயலியை நம்புவதும் உதவாது. விடுதியின் முகவரியைக் கொடுத்தால் பல வேளைகளில் அது தடைப் பகுதியின் ஊடாகவே வழிகாட்டிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த நண்பர்கள் குழு ஒன்று சியெனாவில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தது. மாலையில் களைத்துப்போய் வந்தவர்கள், செயலி காட்டிய வழியில் மதில் வாயிலைக் கடந்து, வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கினார்கள். ஒருவரும் தடுக்கவில்லை, எதிரில் வந்த முதியவர் ஒருவர் சுவரோடு ஒதுங்கிப் புன்னகைத்து வழியும் விட்டாராம். மறுநாள் காலை, பெட்டிகளை ஏற்றுவதற்காக மீண்டும் அதே வாயில் வழியாகச் சென்றார்கள். பயணம் இனிதே முடிந்து ஊர் திரும்பி, படங்களையெல்லாம் பகிர்ந்து முடித்துப் பல மாதங்கள் கழிந்த பின், காரை எடுத்தவரின் கடன் அட்டையிலிருந்து வாடகை நிறுவனம் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டது. அபராதம் கட்டியாயிற்று என்று எண்ணி அவர் நிம்மதியடைந்தார்.

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். நிறுவனம் பிடித்துக்கொள்வது அபராதம் அன்று. ஓட்டுநரின் பெயரையும் முகவரியையும் காவல்துறைக்குத் தெரிவித்ததற்கான கட்டணம் மட்டுமே. அபராத அறிவிப்பு அதன் பின்னரே தனியாகப் பதிவஞ்சலில் வருகிறது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதனை அனுப்பச் சட்டம் 360 நாட்கள்வரை அவகாசம் தருவதால், பயணமே மறந்துபோன வேளையில்தான் அது வந்து சேரும். ஒரு மீறலுக்கு 80 யூரோவுக்கு மேல். அஞ்சல், நிர்வாகச் செலவுகளும் சேர்ந்தால் 100 யூரோவைத் தாண்டிவிடும். மறுநாள் மீண்டும் நுழைந்தால் அதற்கு வேறொரு அபராதம். அறிவிப்பு கிடைத்த 5 நாட்களுக்குள் கட்டினால் 30 விழுக்காடு தள்ளுபடி உண்டு. 60 நாட்களைக் கடந்தால் தொகை பெருகிவிடும். மேற்சொன்ன நண்பர் அறிவிப்பு வந்ததும் கட்டணத்தையே மறுபடி கேட்கிறார்கள் என்று கருதி, உறையை ஒதுக்கி வைத்துவிட்டார். இறுதியில் அவர் கட்டிய தொகை, அந்த வீட்டில் எல்லோரும் தங்கியதற்கான வாடகையைவிட அதிகம்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. அறிவிப்பு ஓட்டுநரின் பெயருக்கு மட்டுமே வருகிறது. ‘உள்ளேயே போ, பெட்டி கனக்கிறது’ என்று பின்னிருக்கையிலிருந்து சொன்னவருக்கு எந்தக் கடிதமும் வருவதில்லை. மற்றவர்கள் சன்னல் வழியே திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வர, வளைவுகளில் கண் இமைக்காமல் ஓட்டியவரே தண்டனையையும் தனியாகச் சுமக்கிறார். ஓராண்டு கழித்து அந்தப் பணத்தை நண்பர்களிடம் கேட்க அவருக்கு நாவெழுவதில்லை. எனவே, புறப்படுவதற்கு முன்பே, பயணத்தில் வரும் அபராதம் எதுவாயினும், எப்போது வந்தாலும், அனைவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வோம் என்று வெளிப்படையாகப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த நட்பும் இந்தப் பேச்சால் குறைவுபடாது.

தவிர்க்கும் வழி எளிது. செயலியில் விடுதியின் முகவரியைக் கொடுக்காமல், மதிலுக்கு வெளியே உள்ள வண்டி நிறுத்துமிடத்தின் பெயரைக் கொடுங்கள். குன்றேறுவதற்கு அவ்வூர்களே நல்ல ஏற்பாடுகளைச் செய்துவைத்துள்ளன. சியெனாவில் சாந்தா கத்தரீனா நிறுத்துமிடத்திலிருந்து நகரும் படிக்கட்டுகள் உங்களைப் பேராலயத்தின் அருகிலேயே கொண்டுசேர்க்கும். ஓர்வியேட்டோவில் கம்போ தெல்லா ஃபியேரா நிறுத்துமிடத்திலிருந்து மின்தூக்கியில் ஏறலாம். ரயிலில் வருபவர்களுக்கு நிலையத்தின் எதிரிலேயே கம்பிவட இழுவை வண்டி இருக்கிறது. பெருஜாவில் பியாட்ஸா பார்த்திஜானியில் காரை விட்டுவிட்டு நகரும் படிக்கட்டில் ஏறினால், ரோக்கா பாவொலீனா கோட்டையின் அடித்தளத்திற்குள் புகுந்து மேலே வரலாம். 1540இல் உப்பு வரியை எதிர்த்துக் கிளர்ந்த பெருஜாவை அடக்கியபின் மூன்றாம் பவுல் போப்பு எழுப்பிய கோட்டை அது; அதன் கீழே புதைக்கப்பட்ட பழைய தெருக்களின் ஊடாகவே படிக்கட்டுகள் செல்கின்றன. காரைக் கீழே நிறுத்தியவருக்கே அந்தக் காட்சி கிடைக்கும்.

தவிர்க்க முடியாத காரணத்தால், முதியவர் ஒருவர் உடன்வருவதால், உள்ளே சென்றே ஆகவேண்டும் என்றால், வண்டியின் பதிவெண்ணை விடுதிக்கு முன்கூட்டியே தெரிவித்து, நகராட்சியில் பதிவு செய்துவிட்டதாக எழுத்தில் உறுதி பெறுங்கள். எந்த வாயில் வழியாக வரவேண்டும் என்பதையும் கேளுங்கள். இந்த வசதி விடுதிகளுக்கு உண்டு, தனியார் வீடுகளுக்குப் பெரும்பாலும் இல்லை. ‘வாசல்வரை வரலாம்’ என்று வீட்டுக்காரர் வாய்மொழியாகச் சொல்வது உங்களைக் காப்பாற்றாது. புளோரன்சில் கார் எடுப்பவர்கள் நகர மையத்தில் எடுக்காமல் விமான நிலையத்தில் எடுப்பது மேல்; சாந்தா மரியா நோவெல்லா ரயில் நிலையத்திலிருந்து அங்கே டிராம் செல்கிறது.

ஒரு நாளில் நான்கு ஊர்கள்

எனக்கு வரும் திட்டங்களில், காலையில் மோன்ட்டெரிஜ்யோனி, பின்னர் சான் ஜிமிஞானோ, மதியம் வோல்ட்டெர்ரா, மாலையில் சியெனா என்று ஒரே நாளில் அடுக்கப்பட்டிருக்கும். கிலோமீட்டரை மட்டும் கூட்டிப் பார்த்தால் அது இயலும் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் வளைந்து ஏறி, நிறுத்த இடம் தேடி, அங்கிருந்து நடந்து மேலே சென்று, மீண்டும் இறங்கி வரவேண்டும். ஊரைப் பார்க்கும் நேரத்தைவிட இதற்கே அதிகம் செலவாகும். ஒரு நாளுக்கு இரண்டு ஊர்கள் போதும். அவற்றில் ஒன்றில் இரவு தங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சான் ஜிமிஞானோவை எடுத்துக்கொள்ளுங்கள். செல்வக் குடும்பங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு எழுப்பிய கோபுரங்களில் இன்று 14 அளவில் எஞ்சியுள்ளன. பகலில் சுற்றுலாப் பேருந்துகள் கொண்டுவந்து இறக்கும் கூட்டத்தில் அவற்றை அண்ணாந்து பார்க்கவே இடமிருக்காது. பேருந்துகள் கீழிறங்கிய பிறகு, வெயில் சாயும் வேளையில் அந்தச் சதுக்கம் முற்றிலும் வேறு ஊராகிவிடுகிறது. அங்கே இரவு தங்கியவர் மட்டுமே அதைக் காண்கிறார்.

ஓர்வியேட்டோவுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது பெரும் அநீதி. பேராலயத்தின் சான் பிரித்ஸியோ சிற்றாலயத்தில் லூக்கா சிஞொரெல்லி தீட்டிய இறுதித் தீர்ப்புச் சுவரோவியங்களுக்கே ஒரு காலைப்பொழுது வேண்டும். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபின் இவ்வூரில் அடைக்கலம் புகுந்த ஏழாம் கிளமெண்ட் போப்பு, முற்றுகை வந்தால் நீருக்குத் தவிக்கக் கூடாதென்று வெட்டுவித்த சான் பத்ரீத்ஸியோ கிணறும் இங்கேதான் உள்ளது. ஒன்றையொன்று தொடாத இரு சுருள் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். இறங்கும் கழுதையும் நீர் சுமந்து ஏறும் கழுதையும் எதிர்ப்படாதபடி அமைத்திருக்கிறார்கள். அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குரியது அல்ல அது.

பெரிய வண்டி

ஆறு பேர் சேர்ந்து செல்லும்போது ஒரே வேனில் செல்லலாம் என்ற ஆசை எழும். பியென்ட்சாவைச் சுற்றியுள்ள ஓர்ச்சா பள்ளத்தாக்கின் கப்பிச் சாலைகளிலும், எதிரில் டிராக்டர் வரும் ஒடுங்கிய வளைவுகளிலும், நிறுத்துமிடத்தின் குறுகிய கட்டங்களிலும் அந்த ஆசை சுமையாகும். இரண்டு சிறிய கார்களே நல்லது. ஒருவருக்கு ஒரு சிறு பெட்டி என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி எதையும் காரில் விட்டுவிட்டு ஊருக்குள் செல்லாதீர்கள்.

இத்தாலியில் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. இந்தியாவிலும் இலங்கையிலும் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர், அங்கே வலப்பக்கம் ஓட்டிக்கொண்டு, வலக்கையால் கியரை மாற்றி, செங்குத்தான ஏற்றத்தில் நின்று புறப்படவும் வேண்டும். தயக்கம் இருந்தால் தானியங்கி கியர் உள்ள காரைப் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஊர் எல்லைக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி.

ஒருவரே ஓட்டுவது

மோன்ட்டால்சீனோவில் புருனெல்லோ, மோன்ட்டெபுல்ச்சானோவில் வீனோ நோபிலே என்று ஒயின் சுவைக்கும் கூடங்கள் வழியெங்கும் அழைக்கும். ஓட்டுநரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. உரிமம் பெற்று மூன்று ஆண்டுகள் நிறையாதவர் ஒரு துளியும் அருந்தக் கூடாது. எனவே அன்றன்று யார் ஓட்டுவது என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்ய வேண்டும். அதற்கு, மாற்றி ஓட்டும் ஒவ்வொருவரின் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு உதவாது. ஒவ்வொருவரிடமும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இருக்க வேண்டும். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் அந்த ஏடு ஓராண்டு செல்லும். அதோடு மூல உரிமத்தையும் கையில் வைத்திருங்கள்.

நிறுத்துமிடக் கோடுகள்

வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் உங்களுக்கு உரியதன்று. வாரச் சந்தை நாளைப் பலகையில் படிக்காமல் விட்டால், மறுநாள் காலை கார் அங்கே இருக்காது.

சுங்கச்சாவடி

டெலிபாஸ் என்று மஞ்சள் நிறத்தில் எழுதிய தடத்தில் நுழையாதீர்கள்; சுங்கத்தைத் தானாகச் செலுத்தும் கருவி பொருத்திய வண்டிகளுக்கு உரியது அது.

பாலியோ நாட்கள்

ஜூலை 2, ஆகஸ்ட் 16. குதிரைப் பந்தயத்தைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தாலன்றி, அந்த நாட்களை ஒட்டிச் சியெனாவைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்று மணிக்கு மதிய உணவு

உணவகங்களின் சமையலறைகள் இரண்டரை மணியளவில் மூடினால் மாலை ஏழரைக்குத்தான் மீண்டும் திறக்கும். சைவ உணவு உண்பவர்களுக்கு டஸ்கனி கடினமான இடம் அன்று. பூண்டும் தக்காளியும் சேர்ந்த பீச்சி என்னும் பாஸ்தா, பீன்ஸும் கீரையும் ரொட்டியும் சேர்த்துக் கொதிக்கவைத்த ரிபொல்லீத்தா ஆகியன எங்கும் உண்டு. ஆயினும் பியென்ட்சாவின் புகழ்பெற்ற பெக்கொரீனோ ஆட்டுப்பால் கட்டியை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பவர்கள் உள்ளனர். சைவத்தில் உறுதியுடையவர்கள் வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசி நாளின் பெட்ரோல்

காரை நிறைந்த தொட்டியுடன் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் இருக்கும். மதிய இடைவேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சிற்றூர் நிலையங்களில் ஆள் இருக்கமாட்டார். தானியங்கி இயந்திரம் வெளிநாட்டு அட்டையை ஏற்க மறுப்பதும் உண்டு, மீதிச் சில்லறை தருவதில்லை. எனவே 10, 20 யூரோ நோட்டுகள் சிலவற்றைக் கடைசி நாள்வரை செலவழிக்காமல் வையுங்கள். பெட்ரோலுக்கு ‘பென்ட்சீனா’, டீசலுக்கு ‘கசோலியோ’ என்று எழுதியிருக்கும். சிற்றூர்களின் வாடகை அலுவலகங்களும் மதியம் மூடுபவையே; திறந்திருக்கும் நேரத்தில் சென்று, காரின் நான்கு பக்கங்களையும் எரிபொருள் முள்ளையும் அலுவலரின் முன்னிலையில் படமெடுத்து, கையொப்பமிட்ட ரசீதை வாங்கி, அபராத அறிவிப்புக்கான 360 நாட்களும் கழியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.